ஐந்தாம் நம்பருக்கு எத்தனை சாப்பாடு?

இது நடந்தது. இடம் பாப்பிரெட்டிப்பட்டி. 1983 அக்டோபர் பத்தாம் தேதி, திங்கட்கிழமை தொடங்கி நான்கு நாள். இதில் வருகிற நேரமெல்லாம் தாவூதின் நாட்குறிப்பில் உள்ளபடி. தினமும் காலை ரேடியோ செய்திக்குக் கைக்கடிகாரத்தைச் சரிபார்க்கிறவன் அவன். ஆகவே நேரத்தில் பிசகு இருக்காது. மற்றதை நம்புவது உங்கள் இஷ்டம். நம்பாதவர்களில் முதல் ஆள் தாவூதுதான்.

அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கம்பைநல்லூர்க்காரன். அப்பா இல்லை. அம்மா ஹசீனா தையல் மிஷினை மிதித்துக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். தாவூது இரண்டு வேலைக்குப் போய் இரண்டும் நிலைக்கவில்லை. அரிசி மில்லில் கேட்டைப் பூட்டிவிட்டு, பூட்டினோமா இல்லையா என்று மூன்று தடவை திரும்பிப் போய்ப் பார்த்தான். மூன்றாவது தடவை சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு வந்தான். அப்படிப்பட்ட ஆள்.

மாலை ஐந்திலிருந்து ஆறு வரை பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு துணிக்கடை மாடியில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போவான். "புத்தகத்தப் பாத்தே அடிச்சா வெரல் தூங்கிரும். நேத்து நடந்தத எழுதிட்டு வந்து அத அடிங்கடா" என்பார் மாஸ்டர். நாட்குறிப்புப் பழக்கம் அப்படி வந்தது. தாவூது நேரம் போட்டு எழுதுவான். சரியாகத் தெரியாத வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுவான். பக்கத்துக்கு ஏழெட்டுக் கேள்விக்குறியாவது இருக்கும்.

காளியப்பா விலாஸ் என்றால் ஊரில் பலருக்குத் தெரியாது. மாடி ஓட்டல் என்றால் தெரியும். அந்த ஊரின் முதல் மாடிக் கட்டடம். காளியப்பன் என்பவர் 1933இல் கட்டியது. புளி வியாபாரிகள், சித்தேரி மலைக்குப் போகிற காட்டிலாகா ஆட்கள், சர்வே ஆட்கள் எல்லாரும் அங்கேதான் தங்குவார்கள். கீழே சாப்பாடு. மேலே எட்டு ரூம். நடுவில் மரப் படிக்கட்டு, பதின்மூன்று படி.

ஐம்பதாவது ஆண்டு விழாவுக்கு ஒரு மலர் போட வேண்டும் என்று காளியப்பனின் மகன் மாதேஸ்வரனுக்கு ஆசை. அதில் ஓட்டலின் சரித்திரத்தை எழுதி டைப் அடிக்கத்தான் தாவூதைக் கூப்பிட்டிருந்தார். இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய பழைய நோட்டுகளைக் கொடுத்துக் கீழே மூலையில் உட்காரவைத்தார். அவன் வந்த மூன்றாம் நாள், மேனேஜர் சவுரியப்பனின் மகளுக்குப் பொம்மிடியில் பிரசவ வலி என்று ஆள் வந்தது.

"சவுரியப்பன் தை மாசத்தோட நின்னுக்கறாரு" என்றார் மாதேஸ்வரன். "இந்த நாலு நாள் தப்பு தவறில்லாம பாத்துக்க. அப்பறம் அந்த நாற்காலி உன்னுது."

தாவூது அன்றே அம்மாவுக்குக் கடுதாசி போட்டுவிட்டான்.

அந்த ஓட்டலில் ஒரு வழக்கம் உண்டு. மாலை ஏழு மணிக்கு மேனேஜர் சிலேட்டோடு முதல் படியில் நின்று ஒவ்வொரு ரூம் நம்பராகக் கூப்பிடுவார். ரூமில் இருக்கிறவர்கள் ராத்திரிக்கு எத்தனை சாப்பாடு என்று அங்கிருந்தே குரல் கொடுப்பார்கள். அதைக் கூட்டிச் சமையல்கட்டில் சொன்னால் அதன்படி உலை வைப்பார்கள். காளியப்பன் காலத்தில் தொடங்கிய வழக்கம். அதுவரை ஒரு நாள்கூட நின்றதில்லை.

சவுரியப்பன் பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் என்னென்னவோ சொல்லிவிட்டுப் போனார். தாவூது எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான். ஐந்தாம் நம்பரைப் பற்றி அந்தக் குறிப்பில் ஒன்றும் இல்லை.

"சொல்லியிருக்கலாம்" என்று பிறகு எழுதியிருக்கிறான். பக்கத்தில் கேள்விக்குறி.

திங்கட்கிழமை. சரியாக ஏழு மணி.

சிலேட்டில் ஒன்றிலிருந்து எட்டு வரை கோடு போட்டு வைத்திருந்தான். சாவிப் பலகையில் ஐந்தாம் கொக்கி காலியாக இருந்தது. சாவி தங்கியிருப்பவரிடம் இருக்கும் என்று நினைத்தான்.

"நம்பர் ஒன்னு!"

"ஒன்னு!"

"நம்பர் ரெண்டு!"

"வேணாம், வெளிய சாப்டுட்டேன்!"

"நம்பர் மூணு!"

"ரெண்டு!"

"நம்பர் நாலு!"

"ரெண்டு போடுங்க. ஒருத்தருக்கு ரசம் காரமில்லாம!"

"நம்பர் அஞ்சு!"

பதில் இல்லை. தாவூது மனதுக்குள் மூன்று வரை எண்ணினான்.

"ரெண்டு."

ஆண் குரல். போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் மங்கலாக இருந்தது. 5க்கு நேராக 2 என்று எழுதினான்.

"நம்பர் ஆறு!"

ஆறாம் நம்பர்க்காரர் உடனே பதில் சொல்லவில்லை. ஊத்தங்கரைப் புளி வியாபாரி. கதவைத் திறந்து தலையை நீட்டி, பக்கத்து ரூம் பக்கம் பார்த்தார். பிறகுதான் "ஒன்னு" என்றார்.

ஏழும் எட்டும் முடிந்தன. கூட்டினால் பத்து.

ஏழரைக்கு எல்லாரும் இறங்கி வந்து சாப்பிட்டார்கள். எட்டுப் பேர். இரண்டு இலை போட்டபடியே கிடந்தது.

சமையல்கட்டுத் தீர்த்தம்மாள் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். அவள் தாவூதுக்கு வைத்திருந்த பேர் டைப்பு.

"ஏம்ப்பா டைப்பு, ரெண்டு எல சும்மா கெடக்குதே! உங்கம்மாளக் கூட்டியாந்து ஜோடியா உக்காரு."

"அஞ்சாம் நம்பர் இன்னும் வரலக்கா."

தீர்த்தம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு நின்றது.

"எத்தினியாம் நம்பரு?"

அப்போதுதான் பெரியண்ணன் கிணற்றடியிலிருந்து இரண்டு குடத்தோடு சமையல்கட்டுக்குள் வந்தார். ரூமுக்குத் தண்ணீர் வைக்கிற ஆள். அறுபத்தெட்டு வயது. ஓட்டல் தொடங்கி ஏழாம் வருஷத்திலிருந்து அங்கேயே இருக்கிறவர். குடத்தைக் கீழே வைத்தார். வைத்த வேகத்தில் தண்ணீர் தளும்பிக் கொட்டியது.

"அஞ்சக் கூப்பிட்டீங்களா தம்பி?"

"ஆமாங்க."

"அதக் கூப்பிடறதில்லீங்க. நாலு. அப்பறம் ஆறு."

"ஏனுங்க?"

"அது சாமான் ரூமு."

"அப்ப பதில் சொன்னது யாரு?"

பெரியண்ணன் ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ரெண்டுன்னாங்களா?" என்று கேட்டார்.

தாவூது தலையாட்டினான். எட்டு பத்துக்கு நாட்குறிப்பு எழுதும்போதுதான் அது உறைத்தது. எண்ணிக்கையை அவரிடம் யாரும் சொல்லவே இல்லை. இலை கிடந்த கூடத்துக்கும் அவர் வரவில்லை. பின்வாசல் வழியாக வந்தவர்.

படியேறிப் போய்ப் பார்த்தான். மேலே நடை ஒரு திருப்பம் திரும்பும். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் அவன் அதுவரை போனதில்லை. இருபத்தைந்து வாட்ஸ் பல்பு. ஐந்தாம் ரூம் கதவின் குறுக்கே இரண்டு பலகை வைத்து ஆணி அடித்திருந்தது. ஆணியின் மேலேயும் சுண்ணாம்பு. பல வருஷச் சுண்ணாம்பு, தோல் தோலாக உரிந்துகொண்டிருந்தது. கதவுக்கு அடியில் மூன்று விரல் இடைவெளி.

நாலாம் ரூம்காரர்கள் விளையாடியிருப்பார்கள் என்று எழுதிக் கேள்விக்குறி போட்டான். தூங்கிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு இருபது. புளி வியாபாரி பல் குச்சியோடு இறங்கி வந்தார்.

"பக்கத்து ரூம்ல யாருங்க? ராத்திரியெல்லாம் 'கொழந்தைக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க, தண்ணி குடுங்க'ன்னு ஒருத்தர் கெஞ்சறாரு. ஒரு சொம்பு வச்சுக் குடுத்தா என்னா கொறஞ்சா போயிரும்?"

"அங்க யாரும் இல்லீங்களே..."

"அப்ப நான்தான் கெஞ்சினனா?" என்று கோபமாகப் போனார்.

கேள்விக்குறி போட முடியாத இடம் அது. நேற்று தாவூதின் காது மட்டும் சாட்சி. இன்று இன்னொருவர் காது.

அன்று மாலை பெரியண்ணன் அவன் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார். ஏழு மணி இரண்டு நிமிஷம்.

"நம்பர் நாலு!"

"ஒன்னு!"

ஆறைக் கூப்பிட மூச்சை இழுத்தான்.

"ரெண்டு."

அவன் கூப்பிடவில்லை. நிச்சயமாகக் கூப்பிடவில்லை. ஆனாலும் பதில் வந்தது. அதே குரல். நேற்றைவிட இறங்கிப்போயிருந்தது.

கையிலிருந்த பலப்பம் ஒடிந்தது.

"மேல கூப்பிடுங்க தம்பி" என்றார் பெரியண்ணன். அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். விரல்கள் சில்லென்று இருந்தன.

"உங்களுக்கும் கேட்டுதுங்களா?"

"ஆறுன்னு கூப்பிடுங்க."

"நான் கூப்பிடவே இல்லீங்களே..."

"நேத்து ஒருவாட்டி கூப்பிட்டாச்சில்ல" என்றார் பெரியண்ணன். கையை விட்டுவிட்டு, தன் அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய்விட்டார்.

ஏழு ஐம்பதுக்கு தாவூது முதலாளியிடம் போனான்.

"மொதலாளி, அஞ்சாம் ரூம ஒருவாட்டி தொறந்து பாக்கலாங்களா? உள்ள யாரோ இருக்கறாப்பல..."

மாதேஸ்வரன் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். நிறுத்தினார்.

"நாப்பது வருஷமா மூடிக் கெடக்கற ரூமு. உள்ள ஓட்ட ஒடசல். விழாவுக்குப் பன்னண்டு நாளு இருக்குது. பேய் பிசாசுன்னு ஒரு வார்த்த வெளிய போச்சுன்னா எவன் வந்து தங்குவான்? அந்தப் பக்கம் நீ கால் வச்சன்னு தெரிஞ்சா, மூட்டையக் கட்டிக்கிட்டுக் கம்பைநல்லூர் பஸ் ஏறிரு."

"சரிங்க."

சரி என்று சொல்லிவிட்டு வந்தான். பேய் என்று அவன் நினைக்கவில்லை. அவனுக்கு இருந்த சந்தேகம் வேறு. நிஜமாகவே உள்ளே ஆள் இருந்தால்? எப்படியோ மாட்டிக்கொண்ட ஆள். சாப்பாடு கேட்கிற ஆள். இது தன் காதின் கோளாறு என்றால், போனால் வேலை போகும். காதின் கோளாறு இல்லை என்றால்?

நாட்குறிப்பில் அந்த இடத்தில் வெறும் கேள்விக்குறி மட்டும் இருக்கிறது. வரி இல்லை.

புதன்கிழமை. மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. வகுப்பில் அவன் அடித்த பக்கத்தைப் படித்த மாஸ்டர், "கதை நல்லா இருக்கு, ஸ்பெல்லிங்தான் ரெண்டு எடத்துல போச்சு" என்றார்.

ஆறு நாற்பத்தெட்டுக்குக் கரண்ட் போனது.

பெரியண்ணன் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தார். தாவூது அரிக்கேன் விளக்கை ஏற்றிக்கொண்டு தனியாகப் படியடியில் நின்றான்.

ஏழு மணி.

ஒன்று, இரண்டு, மூன்று முடிந்தது.

"நம்பர் நாலு!"

"ஒன்னு!"

ஆறைக் கூப்பிடவில்லை. வேண்டுமென்றே நிறுத்தினான். கடிகாரத்தை விளக்குப் பக்கம் திருப்பினான். ஐந்து விநாடி... எட்டு... ஓட்டில் மழைச் சத்தம். பத்து...

ஒன்றும் இல்லை. மனசு லேசானது.

"ஒன்னு."

சின்னக் குரல்.

பெண் குழந்தையின் குரல்.

நேற்று ரெண்டு. இன்று ஒன்று. நேற்றுச் சொன்னவர் இன்று சொல்லவில்லை.

தாவூது ஆறையும் ஏழையும் எட்டையும் கூப்பிட மறந்தான். அந்த ஓட்டலில் ஐம்பது வருஷத்தில் அந்த வழக்கம் அன்று ஒரு நாள்தான் பாதியில் நின்றது. நேராகச் சமையல்கட்டுக்குப் போனான்.

"அக்கா, ஒரு சாப்பாடு போடுங்க. தட்டுல."

"யாருக்கு?"

"அஞ்சுக்கு."

அவள் கேலி பேசவில்லை. "வேல போயிரும்ப்பா" என்றாள்.

"போவட்டுங்க்கா."

"நெசமா காதுல கேட்டியா?"

"சந்தேகந்தான். ஆனா ஆள் இருந்து, நான் போவாம இருந்துட்டா? கொழந்தக் கொரலுக்கா."

தீர்த்தம்மாள் தட்டில் இலையைப் போட்டாள். சோறு, பருப்பு. இரண்டாவது கரண்டியும் போட்டாள். பிறகு மாடத்திலிருந்த டப்பாவைத் திறந்து ஒரு வெல்லக் கட்டியை எடுத்து ஓரத்தில் வைத்தாள்.

"கொழந்தன்னியே" என்றாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஏழு பத்தொன்பது. படி ஏறினான். ஒரு கையில் விளக்கு, ஒரு கையில் தட்டு. பதின்மூன்று படி. எண்ணிக்கொண்டேதான் ஏறினான்.

நடையில் திரும்பினான்.

கதவு. பலகை. ஆணி. எல்லாம் அப்படியே இருந்தன.

விளக்கைத் தரையில் வைத்தான். குந்தி உட்கார்ந்தான். தட்டைக் கதவுக்கு அடியில் தள்ளினான்.

போகவில்லை.

விளிம்பு இடித்தது. சாய்த்தான். திருப்பினான். போகவே இல்லை.

உள்ளே ஏதோ நகர்ந்தது. துணி தரையில் உரசுகிற சத்தம். கிட்டே வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது.

தாவூது தட்டிலிருந்து இலையோடு சோற்றைத் தரையில் இறக்கினான். இலையை மெதுவாக உள்ளே தள்ளினான். பாதி போனது.

விட்டுவிட்டான்.

இலை நகர்ந்தது.

அவன் தள்ளவில்லை.

கொஞ்சம்... நின்றது. இன்னும் கொஞ்சம்... நின்றது. இழுக்கிறவருக்குப் பலமில்லாததுபோல.

இலையின் நுனியும் உள்ளே போனது.

எதையும் சரிபார்க்காமல் விடத் தெரியாதவன் அவன்.

"பாப்பா... ஒன்னு போதுமா?"

"போதுங்க... அப்பாவுக்கு வேணாமாட்ட. காலையில இருந்து பேச மாட்டேங்குது."

தாவூது விளக்கைக் கதவின் கிட்டே நகர்த்தினான்.

"வெளக்கு மாமாதான?"

கதவின் அடியில், தரையோடு தரையாகக் குரல்.

"கொண்டாறேன்னுட்டுப் போனீங்க... ஏன் மாமா இவ்ளோ நேரம்?"

ஏழு முப்பத்தொன்று.

கரண்ட் வந்தது.

பல்பு எரிந்தது. தாவூது கதவின் அடியைப் பார்த்தான்.

இலை இல்லை.

ஆனால் தூசி இருந்தது. வாசற்படியின் மேல் விரல் கனத்துக்குத் தூசி. இலை உரசிப் போன தடம் இல்லை. ஒரு கீறல்கூட இல்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாதேஸ்வரன் வந்தார். நாலாம் நம்பர்க்காரர் ராத்திரி தன் ரூம் கதவு இடுக்கில் பார்த்ததைச் சொல்லியிருந்தார்.

"மூட்டையக் கட்டு."

தாவூது எழுந்தான். எந்தக் காரியத்திலும் இரண்டு மனசாக நிற்கிற அவன், அன்று நின்ற விதம் அவனுக்கே புதிது.

"போறேங்க மொதலாளி. ஒரே ஒருவாட்டி அந்தக் கதவத் தொறங்க. நான் வச்ச எல உள்ள இல்லன்னா, நான் பைத்தியம். நானே போயிர்றேன்."

"இருந்தா?"

"இருந்தா என்னான்னு எனக்கும் தெரியலீங்க."

மாதேஸ்வரன் ஆள் அனுப்ப, மர ஆசாரி வந்தார். பத்து நாற்பதுக்குப் பலகை பெயர்ந்தது. கதவைத் தள்ளியதும் உள்ளிருந்து வந்தது சுண்ணாம்பு வாசனை. நாற்பது வருஷத்துச் சுண்ணாம்பு.

சின்ன ரூம். ஒரு கயிற்றுக் கட்டில். காலி மண்பானை ஒன்று. தரையெல்லாம் தூசி. அதன்மேல் யார் கால் தடமும் இல்லை.

இலை கட்டிலின் ஓரமாகத் தரையில் இருந்தது. ஒரு பருக்கை இல்லாமல் வழித்திருந்தது. மடித்திருந்தது. விருந்தில் இலையைத் தன் பக்கமாக மடிப்பார்கள். சாவு வீட்டில் எதிர்ப்பக்கமாக மடிப்பார்கள். அந்த இலை எதிர்ப்பக்கமாக மடிந்திருந்தது.

கட்டிலின் தலைமாட்டில் வெல்லக் கட்டி. கடிக்காத முழுக் கட்டி. யாருக்கோ எடுத்து வைத்ததுபோல.

ஆசாரி கும்பிட்டுவிட்டு உளியைக்கூட எடுக்காமல் இறங்கிப் போனார். மாதேஸ்வரன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கப்பா சொல்லியிருக்காரு. நாப்பத்து மூணுல ஏரியூர்க்காரர் ஒருத்தர், முனிராஜுன்னு பேரு, ஏழு வயசுப் பொண்ணோட வந்து தங்கினாராம். காலரா. வந்த ராத்திரியே ரெண்டு பேரும் போயிட்டாங்களாம். அந்த மரியாதைக்குத்தான் அப்பா அஞ்சக் கூப்பிடறத விட்டாரு." தாவூதின் பக்கம் திரும்பினார். "வேலையப் பாரு. இத மட்டும் மலர்ல எழுதாத."

வேலை போகவில்லை. தாவூது கீழே வந்து தன் மூலையில் உட்கார்ந்தான். ஆனால் அவன் சரிபார்க்காமல் விடுகிறவன் இல்லையே. டிரங்குப் பெட்டியைத் திறந்தான். ஒவ்வொரு நாள் மாலையும் எந்த ரூமுக்கு எத்தனை சாப்பாடு என்று எழுதிய நோட்டுகள். பகல் இரண்டே காலுக்கு 1943 நவம்பர் கிடைத்தது. காளியப்பன் கையெழுத்து. அழகான கையெழுத்து.

நவம்பர் 9, செவ்வாய். ஐந்து: இரண்டு சாப்பாடு.

நவம்பர் 10, புதன். நாலு. அடுத்த வரி ஆறு.

நவம்பர் 11, வியாழன். நாலு. ஆறு.

நவம்பர் 12, வெள்ளி. நாலு. ஆறு.

நவம்பர் 13, சனி. "ஐந்து காலியாயிற்று. சுண்ணாம்பு அடித்தது."

தாவூது அதை மூன்று தடவை படித்தான். வந்த ராத்திரியே போய்விட்டார்கள் என்றால், ரூம் சனிக்கிழமை வரை ஏன் காலியாகவில்லை?

மூன்றரைக்குப் பெரியண்ணன் வீட்டில் இருந்தான். அவர் கயிற்றுக் கட்டிலில் போர்த்திக்கொண்டு கிடந்தார். தாவூது நோட்டைக் காட்டினான். அவருக்குப் படிக்கத் தெரியாது. படித்துச் சொன்னான்.

"செத்ததுக்கு அப்பறமா அஞ்ச விட்டாங்க?"

பெரியண்ணன் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இல்லீங்க தம்பி. உசுரோட இருந்தப்பவே விட்டாங்க."

கோழி ஒன்று உள்ளே வந்து வெளியே போனது.

"பேதி கண்டுருச்சு. காலரான்னு சர்க்காருக்குத் தெரிஞ்சா ஓட்டல மூடிருவாங்க. பெரிய மொதலாளி வெளிய தாப்பாளப் போட்டுட்டாரு. யாரும் மேல போவக் கூடாதுன்னாரு. மறுநா ஏழு மணிக்கு நாலுன்னாரு, ஆறுன்னாரு. அவரு கூப்பிடலன்னாலும் அஞ்சுல இருந்து கொரல் வந்துச்சுங்க. ரெண்டுன்னு சொல்லுச்சு. கீழ இருந்த அத்தன பேருக்கும் கேட்டுது. சாப்ட்டுக்கிட்டு இருந்தவங்க சாப்ட்டுக்கிட்டே இருந்தாங்க."

"வியாழக்கிழம?"

"ஒன்னு."

"வெள்ளிக்கிழம?"

"ஒன்னுமில்ல. அன்னிக்கித்தான் எங்களுக்கெல்லாம் தூக்கம் வந்துச்சு."

தாவூது பையிலிருந்து தன் நாட்குறிப்பை எடுத்தான். புதன்கிழமைப் பக்கத்தைப் படித்தான். இலை போனதைப் படித்தான். அப்பா பேசவில்லை என்றதைப் படித்தான். "வெளக்கு மாமாதான?" என்ற வரி வந்ததும் பெரியண்ணன் எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னொருவாட்டி படிங்க."

படித்தான். "கொண்டாறேன்னுட்டுப் போனீங்க... ஏன் மாமா இவ்ளோ நேரம்?"

"தம்பி..." என்றார் பெரியண்ணன். "வியாழக்கிழம அந்தப் புள்ள ஒன்னுன்னு சொன்னதும் எனக்கு மனசு கேக்கல. வெளக்க எடுத்துக்கிட்டு யாருக்கும் தெரியாம மேல போனேன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு, 'அழுவாத, இப்பக் கொண்டாறேன்'னு சொன்னேன். கீழ வந்து தட்டெடுத்தேன். பெரிய மொதலாளி ஒரு பார்வ பாத்தாரு."

"அப்பறம்?"

"தட்ட வச்சுட்டேன்."

அவர் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"இத நான் எவங்கிட்டயும் சொன்னதில்ல. கட்டினவகிட்டகூட. உங்களுக்கு யாரு தம்பி சொன்னாங்க?"

தாவூது நாட்குறிப்பை மூடினான். பெரியண்ணனே அடுத்ததைக் கேட்டார்.

"கோவமாக் கேட்டுதுங்களா?"

"இல்லீங்க. சும்மாத்தான் கேட்டுது."

அன்று மாலை ஏழு மணிக்கு தாவூது படியடியில் நின்றான். கரண்ட் இருந்தது. ஆனாலும் பெரியண்ணன் போர்வையோடு வந்து, அரிக்கேன் விளக்கை ஏற்றி இரண்டாம் படியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தீர்த்தம்மாள் யாரும் சொல்லாமலே இரண்டு தட்டை எடுத்து வைத்துவிட்டுச் சமையல்கட்டு வாசலில் நின்றாள்.

"நம்பர் நாலு!"

"ஒன்னு!"

"நம்பர் அஞ்சு!"

பத்து விநாடி.

இருபது.

ஒரு நிமிஷம்.

மேலே கதவு திறந்துதான் இருந்தது.

ராத்திரி எட்டு ஐந்துக்கு தாவூது நாட்குறிப்பைத் திறந்தான். ஒரே வரி எழுதினான். "5 – பதில் இல்லை." பழக்கத்தில் கேள்விக்குறி போடப் பேனாவைக் கொண்டுபோனான். நோட்டின் நவம்பர் 12, ஒன்றும் கேட்காமல்போன அந்த வெள்ளிக்கிழமை, ஞாபகம் வந்தது.

போடவில்லை.